விருந்து வைத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பேட்மேன் படக்கதைகளின் புதிய வெளியீடுகளுக்குத் தாங்கள் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் வில்லன் யார் என்பது உட்படக் கதை முழுவதையும் போட்டு உடைத்த தங்கள் விமர்சகர், "ஓவியங்கள் கண்ணுக்கு விருந்து" என்று ஒரே வரியோடு விலையைச் சொல்லப் போய்விட்டார். விருந்து வைத்தவர் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பேட்மேன் 1939-இல் தோன்றியது முதல் படைத்தவர் என்று பாப் கேன் பெயரே நின்றதும், உடன் உழைத்த பில் ஃபிங்கர் 1974-இல் இறந்து, 2015-இல்தான் அவர் பெயரும் முறையாகச் சேர்க்கப்பட்டதும் தாங்கள் அறியாததல்ல. சென்ற ஆண்டு ஸ்பைடர்மேன் இதழுக்கும் இவர் இதே விருந்தைத்தான் பரிமாறினார். அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே இடம் கிடைப்பது அரிது என்பது புரிகிறது.

நான் கோபியில் நாற்பது ஆண்டுகள் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன். எனக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தது, 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி என்ற படக்கதை. அதன் நாயகன் மாயாவிக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆள் அங்கே நிற்கிறான் என்பதை அந்தக் கையின் சாய்வையும் கறுப்பு மையின் அடர்த்தியையும் கொண்டே நம்பவைக்க வேண்டும். காலண்டர் தாளின் பின்புறத்தில் எத்தனையோ முறை வரைந்து பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் வெட்டுப்பட்ட கைதான். அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது, யாரும் சொல்லாததால்.

ஒருமுறை ஜவுளிக்கடைப் போர்டின் கீழ்மூலையில் அரை அங்குல எழுத்தில் என் பெயரை எழுதினேன். அதை அழித்தால்தான் கூலி என்றார் முதலாளி. மண்ணெண்ணெய்த் துணியோடு மறுபடி ஏணி ஏறித் துடைத்தேன். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அவர் துணி விற்பவர், போகட்டும். படக்கதையை விமர்சிக்க வந்தவருமா இப்படி?

விலை, பக்கம் போடும் இடத்துக்குக் கீழே வரைந்தவர், வண்ணம் தீட்டியவர் பெயர்களுக்கு ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரை அங்குல எழுத்தெல்லாம் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.