ரெக்ஸ்-பிஎன் எழுதப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கனடாவின் ஒன்ராறியோவில் ஆர்பிஎன், அதாவது பதிவுபெற்ற நடைமுறை நேர்ஸ் ஆவதற்கு எழுதுகிற ரெக்ஸ்-பிஎன் சோதனைக்குத் திகதி எடுத்துவிட்டாய் என்று சித்தி சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு மனம் நிறைந்துபோய் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் பிஎஸ்டபிள்யூ என்கிற பராமரிப்பு உதவியாளர் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், இதற்குள் ஆர்பிஎன் டிப்ளோமாவையும் முடித்திருக்கிறாய். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உன்னைப் போல நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் போனில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உன் பயத்தைப் பற்றி. "கொம்பியூட்டர் 90ஆவது கேள்வியில் நின்றால் பெயிலாமே?" என்று கேட்டிருந்தாய். அப்படி இல்லை. 2022 ஜனவரியில் ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பழைய சோதனைக்குப் பதிலாக இந்த ரெக்ஸ்-பிஎன் வந்தது. பழையதில் எல்லோருக்கும் ஒரே அளவு கேள்விகள். இதில் உன் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும். சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினமானது, பிழையாகச் சொன்னால் கொஞ்சம் இலேசானது. நீ தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 வீதம் உறுதியானதும் நின்றுவிடும். குறைந்தது 90, கூடியது 150, நேரம் 4 மணித்தியாலம். 90இல் நின்று பாஸானவர்களும் உண்டு, 150 வரை போய்ப் பாஸானவர்களும் உண்டு. கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகிறதே என்று இடையில் மனம் உடைந்துவிடாதே. நன்றாகச் செய்கிறவர்களுக்கும் அது அப்படித்தான் இருக்கும். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு வரவும் முடியாது, திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது. இடைவேளை எடுத்தால் அந்த நேரமும் 4 மணித்தியாலத்துக்குள்தான் கழியும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. உனக்கு வேலை தெரியும். ஒருவரைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கும்போதே அவருடைய முதுகில் சிவந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கண் உனக்கு இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் ஒரு பழக்கமும் வந்திருக்கும்: ஏதாவது வித்தியாசமாகக் கண்டால் ஓடிப்போய் நேர்சிடம் சொல்வது. பிஎஸ்டபிள்யூவாக அது மிகச் சரி. சோதனையில் அந்த நேர்ஸ் நீதான்.

ஒரு கேள்வியைப் பார். உனக்கு நான்கு நோயாளிகள். ஒருவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஆறு. இன்னொருவர் சிஓபிடி என்கிற நீண்டகால நுரையீரல் வருத்தக்காரர், ஒட்சிசன் அளவு 90 வீதம். மூன்றாமவர் நீரிழிவுக்காரர், வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சுத் தடுமாறுகிறது, சீனி 3.1. நான்காமவரின் மகன் டிஸ்சார்ஜ் பேப்பர் எங்கே என்று கோபத்தில் நிற்கிறார். யாரிடம் முதலில் போவாய்?

மூச்சுத்தான் முதல் என்று பாடமாக்கியவர்கள் 90 வீதத்தைக் கண்டதும் அங்கே ஓடுவார்கள். அந்த வருத்தக்காரருக்கு 88 முதல் 92 வரை என்பதுதான் பொதுவான இலக்கு. அவருக்கு இது வழக்கமான அளவு. ஆபத்தில் இருப்பவர் மூன்றாமவர், அவருடைய இரத்தத்தில் சீனி மிகக் குறைந்துவிட்டது. அடுத்த கேள்வி, அங்கே போய் என்ன செய்வாய் என்பது. டொக்டரைக் கூப்பிடுவது என்ற விடை அழகாக இருக்கும், அதைத் தொடாதே. அவரால் பாதுகாப்பாக விழுங்க முடிகிறது என்றால் வேகமாக ஏறும் சீனி 15 கிராம், ஜூஸாகவோ குளுக்கோஸ் குளிசையாகவோ கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவர் என்றால் கதை வேறு. யாருடைய நிலை எதிர்பார்த்தபடி இருக்கிறது, யாருடையது மாறிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பழகு. யாரிடம் முதலில் போவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும்.

அமெரிக்கப் புத்தகங்களில் பயிற்சி எடுக்கிறாயாம். எடு, ஆனால் கவனம். அதில் இதே 3.1ஐ 56 என்று போட்டிருப்பார்கள். இங்கே மில்லிமோல் கணக்கு, 18ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும். ஊரில் பெரியம்மா தனக்குச் சீனி 180 என்றால் இங்கே அது 10. இந்த எண்கள் யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், அங்கே ஆர்பிஎன் போல இருக்கும் எல்பிஎன் என்கிற நேர்ஸ் செய்யக்கூடியதும் இங்குள்ள ஆர்பிஎன் செய்யக்கூடியதும் ஒன்றல்ல. யார் எதைச் செய்யலாம் என்ற கேள்விகளுக்கு அந்தப் புத்தகத்தின் விடையை நம்பாதே. நேர்ஸ்மாரைப் பதிவு செய்கிற ஒன்ராறியோ நேர்சஸ் கொலிஜ் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் தராதரங்களை எடுத்து வாசி.

எங்கள் ஆட்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு, மருந்துப் பெயர்களைவிட எனக்கு அதுதான் கவலை. அம்மம்மாவுக்குப் புற்றுநோய், மகன் உன்னைத் தனியே கூப்பிட்டு, "அவவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா" என்கிறார். எங்கள் வீடுகளில் இது பாசம். நானும் அப்படி வளர்ந்தவள்தான், அந்த மகனை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே சட்டப்படி, விளங்கி முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்கு அவருடைய உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருடையது. 1996ஆம் ஆண்டின் ஒன்ராறியோ மருத்துவ ஒப்புதல் சட்டம் அதற்கு வயதெல்லை எதையும் வைக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கினால் அந்தப் பிள்ளையின் சொல்தான். அதற்காக நீ ஓடிப்போய் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிடவும் கூடாது. அது உன் அதிகாரத்தில் இல்லை. அம்மம்மா எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, டொக்டரோடு கதைக்க ஏற்பாடு செய்வதுதான் விடை. தமிழ் மட்டும் தெரிந்தவர் என்றால் மகனை வைத்து மொழிபெயர்க்கவும் கூடாது, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

பெரியவர்களை எதிர்த்துக் கதைக்காமல் வளர்ந்ததும் இதேமாதிரித்தான் குறுக்கே வரும். டொக்டர் எழுதிய மருந்தின் அளவு பிழையாகத் தெரிந்தால், கொடுக்காமல் நிறுத்தி அவரிடமே கேட்பதுதான் சரியான விடை. அந்த விடையைத் தெரிவு செய்யக் கை கூசக்கூடாது.

வாட்ஸ்அப்பில் "போன கிழமை வந்த கேள்விகள்" என்று சுற்றுகிறதே, அதைத் திறக்காதே. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் சோதனைக்கு இருக்கிறோம். பிடிபட்டால் இவ்வளவு பாடும் வீண்.

அப்புறம் உன் பெயர். எங்கள் பெயர்கள் பாஸ்போர்ட்டில் ஒருமாதிரி, லைசன்ஸில் ஒருமாதிரி இருக்கும். அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா என்பதே மாறிவிடும். பதிவு செய்த பெயரும் நீ கொண்டுபோகும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். வித்தியாசம் இருந்தால் இப்போதே போன் பண்ணித் திருத்து. சோதனைக்கு முதல் நாள் இரவு வேலை எடுக்காதே, எவ்வளவு கெஞ்சினாலும்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கள் வீட்டில் விடு. பின்னேரம் புத்தகத்தோடு வா, விடைப் பக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். நீ தெரிவு செய்த ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பேன், மற்ற மூன்றும் ஏன் இல்லை என்றும் கேட்பேன். இந்தக் கிழமையே தொடங்குவோம்.

அன்புடன்,
அக்கா