பதவியை 'டிமிட்' பண்ணினா அது ராஜினாமா இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருத்தர் ராஜினாமா செஞ்சிட்டார்னு போட்டிருந்தீங்க, அதைப் படிச்சுட்டு கும்பகோணத்துல இருந்து அப்பா காலைல ஆறு மணிக்கே போன், "ஏண்டா, யாருடா நெருக்கடி குடுத்தா அவருக்கு"ன்னு. நான் டெல்லியில கோர்ட் பக்கம் டைப்பிங் வேலை பார்க்கறவன், அதான் என்கிட்ட கேக்கறார். யாரும் ஒண்ணும் குடுக்கலப்பா, அவருக்கு 65 முடிஞ்சுது, அங்க எல்லா ஜட்ஜும் 65 ஆனா வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும்னு சொல்லி புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

இங்கிலீஷ் செய்தில 'டிமிட்ஸ் ஆபீஸ்' (demits office), அதாவது பதவியை விட்டு எறங்கறார்னு வந்திருக்கும், அதை அப்படியே ராஜினாமான்னு மாத்திட்டாங்க. டிக்‌ஷனரியில ரிசைன்னு அர்த்தம் இருக்கறது உண்மைதான், ஆனா நம்ம நாட்டுல காலம் முடிஞ்சு போறவங்களுக்கும் இதையேதான் எழுதறாங்க. லத்தீன்ல மிட்டெரேன்னா அனுப்பறது, அதுக்கு முன்னாடி டிஸ் சேர்ந்து போக விடறதுன்னு ஆகி பிரெஞ்சு வழியா வந்ததுதான் டிமிட். டிஸ்மிஸ்ஸும் அதே வேர்தான், அடுத்தவன் நம்மள அனுப்பினா டிஸ்மிஸ், நாம பதவியை விட்டு எறங்கினா டிமிட். மிஷன், மிசைல் கூட இந்த குடும்பம்தான். ஸ்காட்லாந்துல இது ரொம்ப புழங்கின சொல்லு, 1567ல மேரி ராணிய லாக்லெவன் கோட்டையில அடைச்சு வெச்சு ஒரு வயசு மகனுக்கு அரச பதவிய விட்டுக்குடுன்னு கையெழுத்து வாங்கினாங்களே, அதுக்கும் டிமிஷன்னுதான் பேரு, அந்தம்மா மனசார எங்க குடுத்தாங்க பாவம்.

ராஜினாமா பத்தியும் சொல்லணும். அது உருது வழியா வந்த சொல்லு, ராஸின்னா சம்மதம், நாமான்னா பத்திரம். இங்க கோர்ட்ல ராஸிநாமான்னா ரெண்டு பார்ட்டியும் சமரசம் ஆகி எழுதிக்குடுக்கற பேப்பர், வேலைய விடறதுக்கு ஹிந்தில இஸ்தீஃபான்னுதான் சொல்லுவாங்க. வந்த புதுசுல இது தெரியாம ஒரு வக்கீல் ராஸிநாமா டைப் பண்ணுன்னு சொன்னதுக்கு, யார் சார் வேலைய விடறாங்கன்னு கேட்டிருக்கேன். நம்மூர்லயும் கேஸ் ராஜி ஆயிடுச்சுன்னு சொல்றோமே, அந்த ராஜிதான் இது.

அதனால வயசு முடிஞ்சு போற நீதிபதிக்கு 'ஓய்வு பெற்றார்', இல்ல 'பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார்'னு போடுங்க, விடைங்கறதுலயே போக விடற அர்த்தம் இருக்கே. அந்த செய்திக்கு ஒரு திருத்தமும் வேணும் சார், அப்பா இன்னும் அந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிக்கிட்டு இருக்காராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆர்.கே.புரம், புதுடெல்லி