பேசாத பிரிவைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அலுவலகத்தில் புதிய பிரிவின் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், வேலை தடையின்றி நடந்தும் ஒருவர் முகத்திலும் உற்சாகம் இல்லை என்றும், கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை என்றும், நீண்ட விடுப்பு கேட்போர் கூடிக்கொண்டே போகிறார்கள் என்றும் நீ எழுதியிருந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. மனிதவளத் துறை ஏற்பாடு செய்யும் யோகா வகுப்பும் மனநல ஆலோசகரும் பயன்படலாம். அவற்றை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊழியரைச் சோர்வடையச் செய்யும் வேலைமுறை அப்படியே இருக்கும்போது, சோர்வைத் தாங்கும் பயிற்சியை மட்டும் அவருக்கு அளிப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, அதை நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் விளையும் நிலை என்றே குறிப்பிட்டது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். கையாள வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. வேலைப் பளு மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது என்று பணியிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979-இலேயே விளக்கினார். பளுவையும் உரிமையையும் பங்கிடுவது நிர்வாகம். ஊழியரின் மன உறுதி அதற்கு ஈடாக முடியாது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் மோரீன் டாலர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று, உளசமூகப் பாதுகாப்புச் சூழல் என்ற கருத்தை முன்வைத்தார். உற்பத்திக்கு நிகராக நம் மனநலத்தையும் மேலிடம் மதிக்கிறதா என்பதைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் கொண்டிருக்கும் பொதுவான எண்ணமே அந்தச் சூழல். பளு, உரிமை, ஆதரவு எல்லாம் அதிலிருந்தே பிறப்பதால் அதைக் காரணங்களுக்கெல்லாம் காரணம் என்கிறார்கள்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் கருத்து இல்லை என்பதை எங்கள் அலுவலகத்திலேயே கண்டேன். அதே ஊழியர்கள், அதே வேலை. மேலாளர் மட்டும் மாறினார். முந்தையவர் காலத்தில், கெடுவுக்குள் முடியாது என்று சொன்னவரிடம் "மற்றவர்களால் முடிகிறதே" என்ற ஒரே பதில்தான் வரும். அதனால் எல்லோரும் தலையாட்டிவிட்டு இரவில் விழித்திருந்தோம். புதியவர் வந்தபின் ஒரு கூட்டத்தில் இளைய ஊழியர் ஒருவர், "இரண்டு அறிக்கைகளையும் இந்த வாரமே முடிக்க இயலாது, எது முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மேலாளர் பலகையில் எழுதியிருந்த இரண்டு அறிக்கைகளில் ஒன்றை அழித்தார். எங்கள் முன்னிலையிலேயே தலைமையகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அது அடுத்த வாரம்தான் வரும் என்று தெரிவித்தார். அதன்பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். எனக்கும் தூக்கம் சீராகிவிட்டது; நீ விசாரித்திருந்ததால் இதைச் சொல்கிறேன்.

ஆகவே உன் பிரிவின் அமைதியை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதே. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்குள்ளவர்கள் பிழைகளை அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். வேலையில் ஈடுபாடு பற்றி 1990-இல் எழுதிய ஆய்வாளர் வில்லியம் கானும், செய்யும் வேலைக்குப் பொருள் இருத்தல், தன்னை வெளிப்படுத்தினால் தீங்கு வராது என்ற நம்பிக்கை, அதற்கான உடல், மன வலிமை ஆகிய மூன்றையும் ஈடுபாட்டின் நிபந்தனைகளாகச் சொன்னார். உன் ஊழியர்களுக்கு முதலாவது இருக்கிறது என்று உன் கடிதமே சொல்கிறது. இரண்டாவது இல்லாமல் அவர்கள் மூன்றாவதையும் இழந்து வருகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

டாலர்ட் குழுவினர் உருவாக்கிய 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தின் அக்கறை, மனநலத்துக்கு அது தரும் முன்னுரிமை, இருபுறத் தகவல் தொடர்பு, ஊழியர் பங்கேற்பு ஆகியவற்றை அது அளக்கிறது. பெயர் கேட்காமல் அதை நிரப்பச் சொல். ஆனால் கிடைக்கும் விடைகளில் ஒன்றின்மீதாவது உடனே நடவடிக்கை எடுக்க உனக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை முதலில் மேலிடத்தில் உறுதி செய்துகொள். கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டால், கேட்காமலே இருந்ததைவிட அவர்கள் மனம் கசந்துபோகும். முடிவுகளை மேலிடத்துக்கு அனுப்பும் அன்றே ஊழியர்களிடமும் காட்டிவிடு. நீண்ட விடுப்பிலிருந்து திரும்புவோரிடம், தேங்கிய வேலையை மொத்தமாக ஒப்படைக்காமல் எதை விட்டுவிடலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய். என்ன நடந்தது என்று விரிவாக எழுது, காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்