இன்னொரு கடைமடைக்குப் போகிறேன்

எட்மண்டன், கனடா
பிப்ரவரி கடைசி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் சுகம்தானே. சம்பா அறுப்பு முடிந்து தாளுக்கு நடுவே உளுந்து தலைதூக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த வயசில் என்னடா மோட்டார் சைக்கிள் பைத்தியம்" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அம்மா காதில் விழும்படி சொல்கிற சங்கதியா இது? அதனால்தான் கடிதம். படித்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20 வாக்கில் கிளம்பி வடக்கே டக்டோயாக்டக் என்ற ஊர் வரை வண்டியில் போகிறேன். அந்தப் பெயர் வாயில் நுழைய எனக்கே ஒரு வாரம் ஆனது. டக் என்று சொன்னால் போதும், இங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊர் ஆர்க்டிக் கடற்கரையில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு வழிக்கே ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர், திரும்பியும் வர வேண்டும். முதலில் டாசன் கிரீக், அங்கிருந்து 1942-இல் அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து ஒயிட்ஹார்ஸ், அப்புறம் டாசன் சிட்டி. டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. திருவாரூருக்கு டிக்கெட் எடுத்துத் திருவையாற்றில் இறங்கிய நம் பெரியப்பா கதையாகிவிடக் கூடாது. அதுவரை தார் ரோடு, கவலை இல்லை.

டாசன் சிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பிரிகிற டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில்தான் வேலையே. இனுவிக் என்ற ஊர் வரை 740 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்கக் கப்பி ரோடு. அடியில் மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கிறதாம். அந்த உறைமண் உருகினால் ரோடு உட்கார்ந்துவிடும் என்பதால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல்கூட சரளையைக் கொட்டி, பனிக்குப் போர்வை போர்த்திய மாதிரி அதன்மேல் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ரோடு ஐப்பசி மழையில் போகும், அங்கே வெயிலில் போகும். புழுதி பறக்காமல் இருக்கக் கால்சியம் குளோரைடு வேறு தெளிப்பார்கள். காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும், மழை பெய்துவிட்டால் நாற்றங்கால் சேறுதான்.

அந்தச் சேறுதான் எனக்குத் தைரியம் என்றால் சிரிப்பீர்கள். அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் யூரியா மூட்டையைக் கட்டிக்கொண்டு முள்ளியாற்றங்கரையில் மழையில் வருவோமே, பிரேக்கைத் தொடாதே, காலை ஊன்றாதே, ஒரே சீராக விடு என்று நீங்கள் மூட்டைக்கும் பின்னால் நடந்துகொண்டே கத்துவீர்கள். இங்கே காசு கட்டி ஒருநாள் வகுப்புக்குப் போனேன், சொல்லிக்கொடுத்தவரும் அதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனாலும் போன செப்டம்பரில் ஊருக்கு வெளியே ஒரு கப்பி ரோட்டில் பழகப் போய் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை, கிளட்ச் லிவர் ஒடிந்தது. இப்போது ஸ்பேராக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வண்டி பழைய கவாசாகி கேஎல்ஆர் 650. டேங்க் 23 லிட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிறது. டாசன் சிட்டியில் நிரப்பிக்கொண்டு டெம்ப்ஸ்டரில் ஏறினால் அடுத்த பங்க் ஈகிள் பிளெய்ன்ஸில்தான், 400 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் சென்னையைத் தாண்டியும் பங்க் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று அடித்தால் கணக்கு உதைக்கும், அதற்கு 5 லிட்டர் கேன் ஒன்று.

இங்கே அக்டோபர் வந்தால் வண்டியைக் கட்டிப்போட்டுவிட வேண்டும், மைனஸ் 30-இல் காருக்கே ராத்திரி கரண்ட் கொடுத்து எஞ்சினைச் சூடு காட்டி வைக்கிறோம். பைக்கின் பேட்டரி இப்போது சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது, உங்கள் தம்பி பெண்டாட்டி அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பார்வை பார்க்கிறாள். வண்டி ஓட்ட முடியாத மாதங்களில் கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு டியூப் மாற்றிப் பழகுகிறேன். அந்த ரோட்டுக் கல் கத்தி மாதிரி கிழிக்குமாம். பஸ் ஸ்டாண்டுப் பஞ்சர் கடைக்காரர் ஒரு காலால் டயரை மிதித்துக்கொண்டு, வாயில் பீடியோடு, பத்து நிமிஷத்தில் முடிப்பார் அல்லவா, எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது. காற்றடித்தால் நிற்கவில்லை. டியூபைக் கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் அமுக்கிப் பார்த்தால் பாம்பு கொத்திய மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, முட்டை முட்டையாகக் காற்று வருகிறது. மாட்டும்போது நானே நெம்பியால் கடிக்க வைத்திருக்கிறேன். அப்புறம்தான் அந்தப் பஞ்சர் கடைக்காரர் டியூபுக்குப் பவுடர் தடவுவது ஞாபகம் வந்தது. இப்போது நாற்பது நிமிஷம்.

கூட வருபவர் லாரி ஓட்டும் பஞ்சாபி நண்பர். அந்த வழியில் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். எதிரே லாரி வந்தால் மெதுவாக்கி ஓரம் கட்டு, முகத்தைத் திருப்பிக்கொள், கல் தெறிக்கும் என்றார். போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது, சேட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி எடுத்துப் போகிறோம். தினமும் ஒரு தடவை உங்கள் போனுக்கு ஒரு வரி வரும். ஒருநாள் வராவிட்டால் பதற வேண்டாம், இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ரோட்டின் பெயர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1910 மார்கழியில் நாலு போலீஸ்காரர்கள் நாய் வண்டியில் இதே காட்டு வழியாக டாசனுக்குக் கிளம்பினார்கள். வழி தெரிந்த உள்ளூர் குவிச்சின் பழங்குடி ஆளைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டு, வழி தவறி, நாலு பேரும் செத்தார்கள். அடுத்த மார்ச்சில் தேடிப் போய் உடல்களைக் கண்டெடுத்தவர் பெயர்தான் டெம்ப்ஸ்டர். இதை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது என் தப்பு.

சரி, ஏன் போகிறேன் என்று கேட்டீர்களே. மெக்கென்சி ஆற்றைப் பார்க்க. கனடாவின் மிக நீளமான ஆறு, வடக்கு நோக்கி ஓடி இனுவிக் பக்கம் ஆயிரக்கணக்கான ஏரிகளும் கிளைகளுமாகப் பிரிந்து கடலில் விழுகிறது. அதுவும் டெல்டாதான், அண்ணே. தெற்கே பனி முதலில் கரைந்து தண்ணீர் கிளம்பிவிடும், கீழே முகத்துவாரத்தில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். வருகிற வெள்ளம் அந்தப் பனிக்கட்டியில் முட்டித் தேங்கி, கரை புரண்டு, டெல்டா ஏரிகளை நிரப்பிவிட்டுத்தான் கடலுக்குப் போகும். அந்த ஆற்றின் குறுக்கே மேட்டூரும் கிடையாது, முறைப் பாசனமும் கிடையாது, எவரும் எவரிடமும் கேட்பதில்லை. கல்லணை திறந்து எத்தனையோ நாள் கழித்தும் நம் மதகில் தவளைகூடக் கத்தாது, அப்பா மண்வெட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டு இருட்டிய பிறகு வருவார். தானாகக் கடைமடை வரை வருகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கரையில் நின்று பார்க்க வேண்டும் எனக்கு. அதற்கு 3,400 கிலோமீட்டர் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போகிற வழியில் அந்த ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை, படகில் வண்டியை ஏற்ற வேண்டும், காசு கிடையாது. அதற்கு முன்னால் பீல் என்று ஓர் ஆறு, அங்கே படகு இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர்கிறது. பனி உடைந்து அந்தப் படகுகள் ஓடத் தொடங்கிய பிறகு போகலாம் என்றுதான் ஜூன் கடைசி. இனுவிக்கிலிருந்து டக் வரை 2017 நவம்பரில்தான் ரோடு திறந்தார்கள், அதற்கு முன் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலும் கடல்மேலும் ஓட்டிப் போயிருக்கிறார்கள். நாங்கள் போகும்போது அங்கே சூரியன் மறையாது. விளக்கு வைக்கிற நேரமே இல்லாத ஊரா என்று அம்மா கேட்பாள், அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். கரடி சமாச்சாரம் வேண்டாம். சாப்பாட்டை வாசனை வராமல் கெட்டியான டப்பாவில் மூடி, கூடாரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணியிடம் ஓர் உதவி. பொரிவிளங்காய் உருண்டை ஒரு கிலோ செய்து, ஏப்ரலில் வருகிற என் மச்சானிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கல் மாதிரி இருந்தால்தான் நல்லது, கப்பி ரோட்டில் உடையாது. சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்களானால், நம் மதகில் தண்ணீர் ஏறுகிற அன்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஜூலை முதல் வாரம் இனுவிக்கில் போன் வேலை செய்யும், அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி