ஐம்பது நிமிடத்தில் ஒரு பத்து நிமிடம்: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உதவிப் பேராசிரியர் ஆகி மூன்று வாரம் முடிந்த பிறகும் பாப்பா என்று கூப்பிடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் மாணவர்கள் யாராவது இதைப் படித்துச் சிரித்தால் பழியை என் மேல் போட்டுவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "சித்தப்பா, நீங்க பன்னிரண்டு வருஷமா கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கிறீங்க. பசங்ககிட்ட என்னதான் எதிர்பார்க்கிறீங்க? ஒரு லிஸ்ட் குடுங்க, கிளாஸ்ல சொல்லிடறேன்." லிஸ்ட் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். தந்தால் அதையும் ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து என்னிடமே ஒப்பிப்பார்கள். லிஸ்டுக்குப் பதிலாக ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முந்தி, நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு இன்டர்வியூ எடுக்கப் போயிருந்தோம். வந்தவன் மெக்கானிக்கல், ஆறு செமஸ்டரிலும் அரியர் இல்லை. "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து, ஹார்டு ஒர்க்கர், டீம் பிளேயர், ஹாபி பாட்டு கேட்பது என்று முடித்தான். அவனுக்கு முன்னால் வந்த பதினோரு பேரும் அதே வரிசையில் அதையேதான் சொன்னார்கள். தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதியைக் கேட்டேன். கெல்வின்-பிளாங்க் கூற்றைப் புத்தகத்தில் இருந்தபடி, கமா விடாமல் சொன்னான். "சரி, அப்படின்னா என்னப்பா?" என்றேன். அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

என்னுடன் இருந்தவர் ரெஸ்யூமேயை மூடிவிட்டார். அதில் அப்பா தொழில் விவசாயம் என்று இருந்தது. சும்மா அனுப்ப மனசில்லாமல் என்ன விவசாயம் என்று கேட்டேன். மிளகாய், கிணற்றுப் பாசனம் என்றான். மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்றேன். அவ்வளவுதான். போன சித்திரையில் மோட்டார் போட்டால் உறுமிக்கொண்டு நின்றதாம், சுற்றவில்லை. மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றாராம் அப்பா. இவன் தடுத்து, முதலில் மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, டெஸ்ட் லாம்ப் வைத்து மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறான். ஒன்றில் கரண்ட் இல்லை. ஃபியூஸ் கட்டை கருகிக் கிடந்திருக்கிறது. "கழட்டியிருந்தா தண்டச் செலவு சார். தெரியாம திரும்பத் திரும்பப் போட்டிருந்தா காயிலும் எரிஞ்சிருக்கும்." ஏன் எரியும் என்று கேட்டேன். மூடிய ரெஸ்யூமேயைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினான். பத்து நிமிடம், முழுக்கத் தமிழில்.

எதைச் சந்தேகப்பட்டான், எதை முதலில் சோதித்தான், எதை விலக்கினான், செய்யாவிட்டால் என்ன நஷ்டம் என்று வரிசை தப்பாமல் சொன்னான். ஃபேக்டரியில் எங்களுக்கு வேண்டியது இது ஒன்றுதான். இன்று எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறான்.

அவனுக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரியில் மூன்று வருடமாக யாரும் அவனை எதையும் அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸுக்கு "பிரசென்ட் மேம்" சொல்வதைத் தவிர வகுப்பில் வாய் திறந்ததே இல்லை என்று பிறகு அவனே சொன்னான். அந்த வரிசை தப்பாத பேச்சை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிணற்றடி.

பேசாமல் இருப்பதற்கு என்ன விலை என்பதும் எனக்குத் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு டிரெய்னி. நல்ல பையன், கணக்கில் புலி. கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷினில் டூல் இன்சர்ட் என்கிற வெட்டும் முனையை மாற்றிய பிறகு துளையின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனதைக் கவனித்திருக்கிறான். ஷிப்ட் முடிந்து போகும்போது லாக் புக்கில் "டூல் சேஞ்சுடு" என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் போய்விட்டான். நைட் ஷிப்டில் இரண்டு டிராலி நிறைய பீஸ் ரிஜெக்ட். மறுநாள் விசாரித்தபோது, "தெரியும் சார். ஆனா நான் நினைச்சது தப்பா இருந்தா சிரிப்பாங்களோன்னு விட்டுட்டேன்" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதைப் பதினாறு வருடம் வகுப்பில் உட்கார்ந்து நன்றாகக் கற்றிருக்கிறான், அவ்வளவுதான்.

இங்கேதான் உன் ஐம்பது நிமிட பீரியட் வருகிறது.

எரிக் மசூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். ஹார்வர்டில் 1984 முதல் பாடம் நடத்துகிறார். நல்ல லெக்சரர் என்று பெயர், மாணவர்களும் பரீட்சையில் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுவார்கள். 1990 வாக்கில் அரிசோனாவின் இயற்பியல் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டனெஸ் எழுதிய கட்டுரைகள் அவர் கண்ணில் பட்டன. மாணவர்கள் சூத்திரம் போட்டு விடை எழுதுகிறார்கள், ஆனால் நியூட்டன் விதிகளின் அடிப்படையே புரியாமல் வெளியே போகிறார்கள் என்பது அவற்றின் சாரம். என் பிள்ளைகள் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டு, மசூர் அதே மாதிரி எளிய கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன் மேல் அதிக விசை செலுத்தும் என்கிற ரகக் கேள்விகள். இரண்டும் சமம் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்போது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, இல்லை நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் கெல்வின்-பிளாங்க்கை இரண்டு தடவை சொன்னானே அந்தப் பையன், அவன் மனசுக்குள் அதுதான் ஓடியிருக்கும்.

முடிவும் மோசமாகத்தான் வந்தது. மசூர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்ப விளக்கிப் பார்த்தார், முகங்களில் குழப்பம் போகவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வகுப்பே சந்தைக்கடை ஆனது. ஓரிரு நிமிடத்தில் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணத்தை அவரே சொல்கிறார். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, எங்கே இடறியது என்று இன்னும் நினைவிருக்கும். வாத்தியார் இடறிய காலம் எப்போதோ போய்விட்டது. அப்போது பிறந்த முறைக்குத்தான் பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர் வைத்து, 1997இல் புத்தகமாகவும் போட்டார்.

இதை ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று உன் ஹெச்ஓடி, அதாவது துறைத் தலைவர், ஒதுக்கினால், நன்னூல் பாயிரத்தை எடுத்துக் காட்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், மிச்சம் அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும் என்று நன்னூலை எழுதிய பவணந்தியார் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். நாமோ அந்த முதல் கால் பங்குக்கே ஐம்பது நிமிடத்தையும் கொடுத்துவிடுகிறோம். நீ பத்தாவதில் தம்பிக்கு லாப நட்டக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய், "இப்பத்தான் சித்தப்பா எனக்கே புரியுது" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது? மூன்றாம் செமஸ்டருக்குத் தெர்மோடைனமிக்ஸ் உன்னிடம் இருக்கிறது, அதனால் இதையே முயன்று பார். போர்டில் எழுது: கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடிய ஓர் அறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கதவைத் திறந்தே வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் அறை குளிருமா, சூடாகுமா, அப்படியே இருக்குமா?

முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதே. விட்டால் முதல் பெஞ்சில் உள்ள கெட்டிக்காரியின் முகத்தைப் பார்த்துத்தான் அறுபது பேரும் கை தூக்குவார்கள். பிறகு ஓட்டு. ரிமோட், ஆப் எதுவும் வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஏ, பி, சி எழுதிக் கொடுத்தால் போதும். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் பேசவிடு. அதற்குக் கீழே என்றால் பாடமே ஏறவில்லை, நீதான் திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் வேறு கேள்விக்குப் போய்விடு. பேசும்போது வேறு விடை சொன்னவரைத் தேடிப் போய்ப் பேச வேண்டும், மூன்று நிமிடம். அப்புறம் மறுபடி ஓட்டு.

கடைசியில் யாரையாவது எழுப்பி, "உன் காரணத்தைச் சொல்ல வேண்டாம், உன் பக்கத்தில் இருந்தவர் சொன்ன காரணத்தைச் சொல்" என்று கேள். இது என் சொந்தச் சரக்கு. ஒரு நிமிடம் திணறுவார்கள். அடுத்த வகுப்பிலிருந்து பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தி எட்டுப் பேரும் வெளியே போவதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியது இது. தப்பாகச் சொன்னவர்களும் இதனால் தப்பிக்கிறார்கள். பக்கத்திலிருப்பவர் காரணம்தானே, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அறை சூடாகும் என்று உனக்குத் தெரியும். உள்ளே உறிஞ்சிய வெப்பத்தோடு கம்ப்ரசர் இழுக்கும் கரண்டும் சேர்ந்து, பின்பக்கக் காயில் வழியாக அதே அறைக்குள்தானே வந்து விழுகிறது. ஆனால் அதை நீ சொல்லாதே. அவர்கள் அடித்துக்கொண்டு கண்டுபிடிக்கட்டும்.

புகார் வரும். பிள்ளைகளே வந்து, "மேம், நீங்க நடத்துங்க மேம், அப்பத்தான் புரியுது" என்பார்கள். இதற்கும் ஆய்வு இருக்கிறது. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் பார்த்தபோது, தாங்களே போராடிக் கற்ற மாணவர்கள் சோதனையில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள், ஆனால் குறைவாகத்தான் கற்றோம் என்று நினைத்தார்கள். சரளமான லெக்சரைக் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி ஒரு மயக்கம். அதனால் முதல் வாரத்திலேயே இதை அவர்களிடம் சொல்லிவிடு. சிலபஸ் முடியாது என்று ஹெச்ஓடி சொன்னால், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2014இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கைச் சொல். வெறும் லெக்சர் வகுப்புகளில் ஃபெயில் ஆனவர்கள் சராசரியாக 34 சதவீதம், மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 22. அரியர் குறையும் என்று சொல்லிப் பார், உடனே காது கொடுப்பார்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டாயே. கிராமத்துப் பிள்ளைகளை முதல் நாளே இங்கிலீஷில் பேசு என்று நிறுத்தினால், பாதி மூளை இலக்கணத்துக்குப் போய்விடும், பாதி பயத்துக்கு. தெர்மோடைனமிக்ஸுக்கு என்ன மிஞ்சும்? தமிழில் சண்டை போடட்டும். முடிந்ததும் அதே வாதத்தை மூன்றே வரியில் ஆங்கிலத்தில் எழுதட்டும், அடுத்த வகுப்பில் வாசிக்கட்டும். சொல்ல ஒரு விஷயம் கையில் இருந்தால் ஆங்கிலம் பின்னால் வரும். நான் முப்பது வயதில் கற்றேன், நொண்டி ஆங்கிலம்தான். ஃபேக்டரியில் கொரியாக்காரரோடு வேலை ஓடுகிறது, அவருடையதும் நொண்டிதான்.

மற்றபடி, ஏழாம் செமஸ்டரில் மூன்று நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் டிரெய்னிங் என்று கோட்டும் டையுமாக ஒருவரைக் கூட்டி வருவார்கள். தப்பில்லை. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கிய பிறகு இலவசப் பயிற்சிகளும் நிறைய வந்திருக்கின்றன, பிள்ளைகளைச் சேரச் சொல். ஆனால் நீச்சலை மூன்று நாளில் யார் கற்றிருக்கிறார்கள்? உன் வகுப்புதான் வாரம் நான்கு தடவை வருகிற கிணறு.

லேப் வைவாவையும் வீணாக்காதே. ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் காப்பியடிப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குப் பதிலாக, மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் இரண்டாம் வருடத்தாருக்கு ஒரு சோதனையைச் செய்து காட்டி விளக்க ஏற்பாடு பண்ண முடியுமா என்று பார். பவணந்தியாரின் அரைப் பங்கு அங்கேதான் இருக்கிறது.

எல்லா பீரியடிலும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும். முதல் தடவை சொதப்பும், சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு மேடம் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, ஃப்ரிட்ஜ் கேள்விக்கு முதல் ஓட்டில் எத்தனை பேர், இரண்டாவதில் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு வா. மதினியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார். போன மே மாதம் ஃபேன் ரிப்பேரானபோது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் உன் அம்மாதான்.

அன்புடன்,
சித்தப்பா