பிரெஞ்சு ஒயின்: விலையை நம்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு ஒயின் வாங்குவது பற்றி வந்த கட்டுரையில், விவரம் தெரியாதவர்கள் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பிரெஞ்சு பாட்டிலை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது என்று கூறப்பட்டிருந்தது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, பிரான்சிலிருந்து ஆடை வாங்க வந்த வணிகர்களோடு பலமுறை விருந்தில் அமர்ந்தவன் என்ற முறையில், அந்த யோசனை வாசகர்களின் பணத்தை வீணாக்கும் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150 சதவீத சுங்க வரி இருந்துவந்தது. அதன் மேல் மாநில வரிகளும் சேர்ந்தன. ஆகவே பிரான்சில் அன்றாடச் சாப்பாட்டுக்கு வாங்கும் எளிய ஒயின்கூட இங்கே அலமாரிக்கு வந்து சேரும்போது பெரிய இடத்துப் பொருளின் விலையைப் பெற்றுவிடுகிறது. பிரான்சில் ஒயினுக்குப் பெயர்பெற்ற போர்தோ வட்டாரத்தின் மெடாக் பகுதித் திராட்சைத் தோட்டங்களை ஐந்து தரப் படிகளாகப் பிரித்த 1855-ஆம் ஆண்டுப் பட்டியலே விலையை வைத்துத்தானே தயாரிக்கப்பட்டது என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் அது அந்த ஊர்த் தரகர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்த சந்தை விலை. நம் கடைகளில் ஒட்டியிருக்கும் விலையில் பெரும்பங்கு வரியே.

தரத்தை அறிய லேபிளைப் படிக்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பவானி ஜமுக்காளம் என்று சொல்லி விற்றால், கைத்தறியா விசைத்தறியா என்று கேட்காமல் நாம் வாங்குவதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் அடிப்படையாக உள்ள எண்ணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1935-இலேயே தங்கள் ஒயினுக்குச் சட்டமாக்கிவிட்டார்கள். 'அப்பெல்லாசியோன்' என்ற சொல்லோடு ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அந்த எல்லைக்குள் விளைந்த, அங்கே அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகளைக் கொண்டு, எக்டேருக்கு இவ்வளவுதான் மகசூல் என்ற வரம்புக்கு உட்பட்டு அந்த ஒயின் செய்யப்பட்டது என்று பொருள். எல்லை சுருங்கச் சுருங்க விதிகளும் பெரும்பாலும் இறுகும். பொதுவாக 'போர்தோ' என்று மட்டும் போட்ட பாட்டிலைவிட, அதற்குள் அடங்கிய போயாக், சேன்த் எமிலியோன் போன்ற ஊர்ப் பெயர் தாங்கியது கூடுதலாகச் சொல்கிறது. 'வேன் த பிரான்ஸ்' என்று மட்டும் இருந்தால், அந்த நாட்டின் எந்த மூலைத் திராட்சையும் அதில் இருக்கலாம். 'மி ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' என்ற வரி, ஒயின் அந்தத் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டதைக் குறிக்கும். மாறாக, 'ரெசெர்வ்' என்ற சொல்லையோ கோட்டை மாளிகையின் படத்தையோ கண்டு கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கட்டுரை தொடாமலே விட்ட செய்தி ஒன்று உண்டு. என் அனுபவத்தில் அதுவே முதன்மையானது. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு கடையில், வெயில் விழும் கண்ணாடிச் சன்னலோரம் நிற்க வைத்திருந்த போர்தோ பாட்டில் ஒன்றை, நல்ல பெயரும் திராட்சை நன்றாக விளைந்த ஆண்டும் பார்த்து, பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்தேன். விருந்தினர் முன் திறந்தபோது தக்கை காய்ந்து உதிர்ந்தது, ஒயின் காடியாகியிருந்தது. அவர்கள் பெருந்தன்மையோடு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது. தக்கையிட்ட பாட்டிலைக் குளுமையான, வெளிச்சம் குறைந்த இடத்தில் படுக்க வைத்தால்தான் தக்கை ஈரம் காயாமல் இருக்கும். மேலுறைக்கு அடியில் தக்கை புடைத்திருந்தாலும், கழுத்தில் ஒயின் கசிந்த பிசுபிசுப்பு இருந்தாலும், அது வெப்பத்தில் அடிபட்டது என்று கருதி விட்டுவிடுவதே நல்லது. ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் கோடையில் வாங்கிய பாட்டிலைக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதும் அதே கேட்டைத்தான் தரும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற கட்டுரையின் வரியும் நம் ஊருக்குப் பொருந்தாது. பிரான்சில் அறை வெப்பம் என்பது 16 முதல் 18 டிகிரி. நம் வீடுகளில் சித்திரை மாதத்தில் 30-ஐத் தாண்டுகிறது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்தால்தான் அதன் மணம் சரியாகத் தெரியும். உணவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரமிளகாய் கிள்ளிப்போட்ட பள்ளிபாளையம் சிக்கனோடு துவர்ப்பு மிகுந்த கபெர்னே சொவிஞோன் திராட்சையின் சிவப்பு ஒயின் சேர்ந்தால் காரம் இன்னும் கூடும். துவர்ப்புக் குறைந்த கமே திராட்சையில் செய்யும் போழொலே என்ற பிரெஞ்சு ஒயின், விலையும் பெரும்பாலும் குறைவு, இந்தச் சாப்பாட்டுக்கு மிக நன்றாக இசைகிறது.

கட்டுரையாளர் தம் யோசனையைத் திருத்தி எழுத வேண்டும் என்றும், அப்போது உண்மையான பிரெஞ்சு லேபிள் ஒன்றைப் படமாக அச்சிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் தர வேண்டும் என்றும் தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பூர்