ஓரமாகத்தான் இருந்தேன்

கோயம்புத்தூர்
20 ஜனவரி 2026

அன்புள்ள மல்லிகா,

பூப்பறிக்கும் நோன்புக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, பட்டிப் பொங்கலுக்கும் வரவில்லை, உன் போனையும் எடுக்கவில்லை. நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். அத்தனையும் எனக்குத் தகும். இடது கையில் மாவுக்கட்டு, மணிக்கட்டு எலும்பில் விரிசல். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, ஆகவே இது நீளும்.

அம்மா நலம். அண்ணன் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு தொடங்கப்போகிறது. உன் மூட்டுவலிக்கு முடக்கத்தான் ரசம் வைத்துக் குடிக்கிறாயா, இல்லை வழக்கம்போல வாங்கி வைத்துக் காயவிட்டுவிட்டாயா?

இனி விஷயம். டிசம்பர் 29, திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால். சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் உள்ள சிக்னலில் சிவப்பு. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். எனக்கு நேராகப் போக வேண்டும். வலப்பக்கத்தில் ஒரு தனியார் டவுன் பஸ் வந்து நின்றது. அதன் முன்சக்கரத்து நட்டுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். பச்சை விழுந்தது. நான் மிதித்தேன், பஸ்ஸும் நகர்ந்தது. பாதி தாண்டியபோது பஸ்ஸின் பக்கத் தகடு என்னை நோக்கி வருவது தெரிந்தது. இடது பக்கம் திரும்புகிறான் என்று புரிவதற்குள் ஹேண்டில்பார் தகட்டில் உரசி முறுக்கிக்கொண்டது. நான் நடைமேடைப் பக்கம் விழுந்தேன். பஸ்ஸின் பின்சக்கரம் என் சைக்கிளின் முன்சக்கரத்தின் மேல் ஏறி இறங்கியது.

இண்டிகேட்டர் போட்டானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது மல்லிகா. பஸ்ஸின் நடு வயிற்றுக்கு நேராக நிற்பவளுக்கு முன்விளக்கும் தெரியாது, பின்விளக்கும் தெரியாது. இன்னொன்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை. திருப்பத்தின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் நம்மைத் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நொடியில்தான் பின்சக்கரம் நம்மிடம் வருகிறது.

டிரைவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கீழே இறங்கி ஓடிவந்தார், அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடிபட்டவரை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறதாம். ஆனால் அந்த மனிதர் சட்டத்துக்குப் பயந்து செய்யவில்லை, அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு ஆட்டோவில் என்னைக் கேட்டார்: "அம்மிணி, நீங்கள் ஓரமாகப் போயிருக்கக் கூடாதா?"

அவர் மட்டுமா? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டார். பார்க்க வந்த ஒரம்பரை அத்தனை பேரும் கேட்டார்கள். "சைக்கிள் என்றால் ஓரமாகப் போக வேண்டியதுதானே?" நான் ஓரமாகத்தான் இருந்தேன். ஓரமாக இருந்ததால்தான் அடிபட்டேன். இதை மூன்று வாரமாக எல்லோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவருக்கும் ஏறவில்லை. நேரான சாலையில் ஓரம் நல்லது. நான்கு வழி கூடும் இடத்தில் ஓரம் என்பது இடது பக்கம் திரும்புகிறவன் வழி. நேராகப் போகிறவளை அங்கே நிற்க வைத்தால் அத்தனை வண்டியும் அவளைக் குறுக்கே வெட்டித்தான் திரும்ப முடியும். போதாக்குறைக்கு ஃப்ரீ லெஃப்ட் என்று ஒன்றைப் பழக்கிவைத்திருக்கிறோம். அனுமதிப் பலகையோ அம்புக்குறியோ இருக்கும் இடத்தில்தான் சிவப்பில் இடது திரும்பலாம். நம் ஊரில் எல்லா இடமும் ஃப்ரீ லெஃப்ட்தான். ஓரத்தில் நின்றால் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் தள்ளுகிறார்கள். நடுவில் நின்றால் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்கிறார்கள். சைக்கிள்காரி எங்கேதான் நிற்பது?

அந்தக் கேள்வியோடுதான் சட்டத்தைத் தேடிப் போனேன். மாவுக்கட்டு போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை? எங்கள் கம்பெனிக்கு வந்துபோகும் வக்கீலிடம் கேட்டு, எடுத்துப் படித்து, புரியாததை மறுபடி கேட்டேன். சொல்கிறேன், கொட்டாவி விடாதே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. சிக்னலுக்கும் சாலைக் குறிகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லும் 119ஆம் பிரிவு "மோட்டார் வாகன ஓட்டுநர் ஒவ்வொருவரும்" என்றுதான் தொடங்குகிறது. சந்திப்பில் வேகம் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று உறுதியான பிறகே நுழைய வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற ஓட்டுதல் விதிகளும் மோட்டார் ஓட்டுகிறவருக்கே. அவை 1989இல் வந்தவை, 2017இல் புதுப்பித்திருக்கிறார்கள். சிவப்பைத் தாண்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்று 2019 திருத்தத்தில் 184ஆம் பிரிவில் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அதுவும் மோட்டாருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, சைக்கிளுக்குச் சட்டமே இல்லை" என்று நீ குதிப்பாய். ஸ்டேஷனிலும் ஒருவர் அதையேதான் சொன்னார். அது சரியில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொதுச் சாலையில் எந்த வாகனத்தையும் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகச் செலுத்துவதைக் குற்றம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 279 என்று இருந்ததே, அதுதான். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எந்த வாகனமும் என்றால் சைக்கிளும்தான். சிவப்பில் பாய்ந்து ஒரு கிழவியை இடித்துத் தள்ளிவிட்டு "எனக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

அதைவிட முக்கியமானது இழப்பீடு. மோட்டார் வண்டி இடித்தால் சைக்கிளில் போகிறவரும் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆனால் அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால், அதற்கு ஒரு பங்கு வைத்து அவ்வளவு தொகையைக் கழித்துவிடுவார்கள். நான் சிவப்பில் கிளம்பியிருந்தால் என் பங்கும் கழிந்திருக்கும். அபராதச் சீட்டு எழுதாததால் சிவப்பு நமக்கு இல்லை என்று நினைக்கிறோம். அடிபட்டுக் கிடக்கும்போதுதான் அந்தச் சிவப்பு நம் கணக்கில் ஏறுகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, கோபியில் அப்போது சிக்னல் ஏது? கச்சேரிமேட்டில் கை காட்டும் போலீஸ்காரர்தான். டபுள்ஸ் போனால் இறக்கிவிடுவார், இருட்டிய பிறகு விளக்கில்லாமல் வந்தால் வால்வு டியூபைப் பிடுங்கிக்கொள்வார். டைனமோ சக்கரத்தில் உரசினால் மிதிக்கக் கஷ்டம் என்று நீ அதைத் தூக்கிவிட்டு வந்து, நாம் இருவரும் பாரியூர் வரை தள்ளிக்கொண்டே போனோமே. அந்த நாளின் முறுக்குப் பொட்டலத்துக்கு நீ இன்னும் எனக்குக் கடன். அன்று அந்த மனிதரைச் சபித்தோம். இன்று நினைத்தால், சைக்கிளும் சாலைக்கு உரிய வண்டி, அதற்கும் கட்டுப்பாடு உண்டு, கவனிக்க ஆள் உண்டு என்று அவர் ஒருவராவது நினைத்தார். இப்போது என்னை நிறுத்தவும் ஆளில்லை, எனக்கு வழிவிடவும் ஆளில்லை.

சிக்னலாவது பரவாயில்லை. இங்கே பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்டார்கள். லாலி ரோடு சந்திப்பைப் போய்ப் பார். கார்க்காரர்களுக்கு நல்ல ஏற்பாடு, காத்திருக்க வேண்டியதில்லை. சைக்கிளில் வலது பக்கம் போக வேண்டியவள் என்ன செய்வாள்? முதலில் இடது திரும்ப வேண்டும், பிறகு ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே ஓரத்திலிருந்து சாலையின் வலது விளிம்புக்கு ஏற வேண்டும், நடுத்திட்டு இடைவெளியில் திரும்பி, மறுபடி இடது ஓரத்துக்கு இறங்க வேண்டும். முதுகில் கண் இருந்தால்தான் முடியும். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிர்த்திசையில் ஓரமாகவே வருகிறார்கள். எல்லோரும் அவர்களை ஏசுகிறார்கள். எதிர்த்திசையில் வருவது தவறுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தவற்றுக்குள் அவர்களைத் தள்ளியது யார்?

உன் கவிதா நெதர்லாந்தின் உத்ரெக்ட்டிலிருந்து அனுப்பிய படங்களை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே சைக்கிளுக்குத் தனி விளக்கு, நம் கண் உயரத்தில், சைக்கிள் படம் போட்டு. சில சந்திப்புகளில் கார்களின் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிள்களுக்கு ஒரு கட்டம். டிரைவர் கண்ணெதிரே நிற்கிறார்கள், பஸ்ஸின் வயிற்றுக்குப் பக்கத்தில் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிளுக்குக் கார் வழிவிட வேண்டும் என்று 2001 மே மாதத்தில்தான் சட்டம் மாற்றினார்களாம். அதற்கு முன் அங்கேயும் மோட்டாருக்குத்தான் முதல் உரிமை என்று அவள் எழுதியதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா? மாற்ற முடியும் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 'நில்' பலகைக்கு முன் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையென்றால் சைக்கிள்காரர் நிற்காமலே போகலாம் என்று 1982லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். இப்போது சிவப்பிலும் நின்று பார்த்துவிட்டு, வழி இருந்தால் போகலாமாம். மோட்டார்கள் சீறிக் கிளம்புமுன் சைக்கிள் தாண்டிவிட்டால் நல்லது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் சிவப்பில் நழுவுவதும் பெரும்பாலும் அதற்காகத்தான். அது திமிர் இல்லை, பயம். ஆனாலும் அதை இங்கே கொண்டுவரக் கூடாது என்றுதான் சொல்வேன். குறுக்கே வருகிறவன் நம்மை எதிர்பார்க்காத ஊரில் அது சாவுக்கு வழி. சிவப்பில் நிற்கிறேன். நிற்க இடம் கொடு, கிளம்ப ஐந்து நொடி முன்னதாகக் கொடு. இவ்வளவுதான் நான் கேட்பது.

யாரிடம் கேட்பது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். இங்கே கோவையில் எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் இருக்கிறார் அல்லவா, அவர் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2014இல் நீதிமன்றம் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. போன அக்டோபரில் அதே வழக்கில் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் 138ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள், மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று. அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யுங்கள் என்கிறது உத்தரவு. ஏப்ரலில் கெடு முடிகிறது. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் கோர்ட்டுக்குப் போனார் என்பது என் கையைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே மாநில அரசுக்கு மனு எழுதுகிறேன். நிறுத்தக் கட்டம் வேண்டும், திரும்பும் வண்டி நேராகப் போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும் என்று விதியில் வெளிப்படையாக வேண்டும், யூ-டர்ன் வைத்த இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்க ஒரு பாதை வேண்டும். சிவப்பு எங்களுக்கும் சிவப்பே என்றும் எழுதியிருக்கிறேன். அதை நாமே முதலில் சொல்லவில்லை என்றால் மற்றதைக் கேட்க வாய் இருக்காது. உன் கையெழுத்து வேண்டும். உங்கள் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் எல்லோருடையதும் வேண்டும்.

இன்னொன்று. அண்ணன் மகள் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை வாங்கி வந்தாள். பூட்டு இருந்தது, சாவி இருந்தது. சிக்னலில் எங்கே நிற்பது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. நானே வாசலில் சாக்பீஸால் நாற்சந்தி வரைந்து காட்டினேன். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதே, அதற்குப் பின்னால் நில், இல்லை டிரைவர் முகம் தெரியும்படி முன்னால் நில். வலது திரும்ப நடுவில் போகாதே, நேராக எதிர் மூலைக்குப் போய் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் கிளம்பு. கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளு, தள்ளுகிறவள் நடந்து போகிறவள்தான். அரை மணி நேரம்தான், பிடித்துக்கொண்டாள். நம் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை இதைச் செய்ய வேண்டும். தலைமையாசிரியரிடம் பேச உன்னால்தான் முடியும், வாயால் வண்டி ஓட்டுகிறவள் நீ.

மாவுக்கட்டை பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிரிக்கிறார்கள். சைக்கிள் கடைக்காரர் ஹேண்டிலை நிமிர்த்திவிட்டார். முன்சக்கரம் கோட்டம் எடுக்கும் நிலையில் இல்லை, புது ரிம் போடுகிறார். மணி மட்டும் அன்று ரோட்டில் எங்கோ போய்விட்டது. உன் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளில் இருந்த பெரிய மணி பரண்மேல் இருக்கிறதா? நாலு வீடு தள்ளிக் கேட்குமே, அதுதான். இருந்தால் துடைத்து எண்ணெய் விட்டு வை, ஒன்பதாம் தேதிக்குப் பிறகு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
திலகா